எந்தக் கடிகாரம் சரி? ஒரு சனிப்பெயர்ச்சியும் மூன்று துறைகளும்

(நீண்ட பதிவு. கணிதம், வானியல் வரலாறு, வலையமைப்புப் பொறியியல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றில் ஆய்வு செய்யும் நண்பர்களும், ஆய்வுக்குப் பதிவு செய்யக் காத்திருக்கும் மாணவர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

2025 மார்ச் மாதத்தில் தாராவியில் வசிக்கும் என் பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். திருநள்ளாறு செல்ல வேண்டும்; குர்லா டெர்மினஸிலிருந்து காரைக்கால் செல்லும் வாராந்திர ரயிலில் பயணச்சீட்டு எடுத்துத் தர வேண்டும் என்றார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். "ஒரு பஞ்சாங்கம் இந்த மார்ச் 29ங்குது. கோயில்ல அடுத்த வருஷம்தான்னு சொல்லிட்டாங்களாம். நீ இதைத்தானே வருஷக்கணக்கா படிக்கிற? எதுப்பா நிஜம்?"

அவருக்கு அன்று நான் சொன்ன விடையை இப்பதிவின் இறுதியில் தருகிறேன். அக்கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல எத்தனை துறைகள் தேவைப்படுகின்றன என்பதையும், அத்தனை துறைகளையும் ஒருங்கே கற்க நம் பல்கலைக்கழகங்களில் ஏன் இடமில்லை என்பதையும் முதலில் பேச விரும்புகிறேன்.

சிக்கல் யாவரும் அறிந்ததே. தமிழகத்தில் இருவகைப் பஞ்சாங்கங்கள் வழக்கில் உள்ளன. ஒன்று, பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கப்படும் வாக்கியப் பஞ்சாங்கம். மற்றொன்று, இன்றைய வானியல் அளவைகளைக் கொண்டு கணிக்கப்படும் திருக்கணிதப் பஞ்சாங்கம். சனி மகர ராசிக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2020 ஜனவரி 24. வாக்கியப்படி 2020 டிசம்பர் 27. இடைவெளி பதினொரு மாதங்கள். கும்பத்துக்குப் பெயர்ந்தபோதும் அவ்வாறே: 2023 ஜனவரி 17, 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றுக் கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுகிறது. ஆகவே 2025 மார்ச் 29 என ஊடகங்கள் முழங்கியபோது கோயில் நிர்வாகம் அதனை மறுத்து, பெயர்ச்சி 2026ஆம் ஆண்டில்தான் என்று தெரிவித்தது.

இவ்வேறுபாட்டைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் மட்டுமே உள்ளன. முதலாவது, வாக்கியம் என்பது அறியாமை, தொலைநோக்கி வந்தபின் தூக்கி எறியப்பட்டிருக்க வேண்டியது என்னும் பேச்சு. இரண்டாவது, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர், பிழை நம் கருவிகளில்தான் என்னும் பேச்சு. இரண்டும் வாய்பாட்டின் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமலேயே பேசப்படுகின்றன என்பதுதான் என் வருத்தம்.

வாய்பாட்டைச் சற்றுப் புரட்டுவோம்.

சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. புவிக்கு அண்மையில் விரைவாகவும் சேய்மையில் மெதுவாகவும் செல்கிறது. சேய்மைப் புள்ளியிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே புள்ளியை அடைய அதற்கு ஏறத்தாழ 27.5546 நாட்கள் ஆகின்றன. இது முழு எண் அன்று. அன்றாடம் பயன்படும் வாய்பாட்டுக்கோ முழு நாட்கள் வேண்டும். எத்தனை முழு நாட்களில் இச்சுற்று ஏறத்தாழ முழு எண்ணிக்கையில் நிறைவுறும்? 248 நாட்களில் 9 சுற்றுகள். இன்னும் துல்லியம் வேண்டுமாயின் 3031 நாட்களில் 110 சுற்றுகள். அதற்கும் மேல் 12372 நாட்களில் 449 சுற்றுகள். வாக்கிய முறை முழுவதும் இம்மூன்று எண்களின் மீது நிற்கிறது.

கணித மாணவர் இவ்வெண்களைக் கண்டவுடன் ஒன்றை உணர்வார். இவை தொடர் பின்னத்தின் அடுத்தடுத்த நெருங்கு பின்னங்கள். 55 நாட்களில் 2 சுற்றுகள் என்பது இவற்றுக்கு முந்தையது. 12 × 248 + 55 = 3031; 12 × 9 + 2 = 110. அவ்வாறே 4 × 3031 + 248 = 12372; 4 × 110 + 9 = 449. கையில் தாளும் எழுதுகோலும் இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். 248 நாள் சுற்றில் இன்றைய அளவைக்கு நேரும் வழு சுமார் 13 நிமிடங்கள். 3031 நாள் சுற்றில் அது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எட்டேகால் ஆண்டுகளுக்கு மேல் நீளும் ஒரு காலச்சுற்றில் ஒரு நிமிடத்துக்கும் குறைந்த வழு!

இனி, 248 நாட்களுக்கும் சந்திரன் கடந்த தொலைவை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்துவிட்டால் போதும். கலியுகத் தொடக்கத்திலிருந்து கடந்த நாட்களை எண்ணி, அதிலிருந்து நூல் குறிக்கும் தொடக்க எண்ணைக் கழித்து, எஞ்சியதை முதலில் 12372ஆலும், மீதியை 3031ஆலும், அதன் மீதியை 248ஆலும் வகுக்க வேண்டும். இறுதி மீதியே வாக்கிய எண். ஈவுகளுக்கு உரிய துருவங்களை அவ்வாக்கியத்தோடு கூட்டினால் அன்றைய சந்திரனின் இடம் கிடைத்துவிடும். முக்கோணவியல் வேண்டாம், கருவி வேண்டாம், ஓலைகூட வேண்டாம்.

எண்களை மனத்தில் இருத்தப் பயன்பட்டது கடபயாதி முறை. கர்நாடக இசை கற்றவர் இதனை அறிவர். மாயாமாளவகௌளையில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று; வலமிருந்து இடமாகப் படித்தால் 15; அது 15ஆவது மேளகர்த்தா. சந்திர வாக்கியங்களும் இவ்வாறே. கேட்பதற்குப் பொருளுள்ள சிறு தொடர். உள்ளே இராசி, பாகை, கலை.

1825ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த 'கால சங்கலித' என்னும் ஆங்கில நூலில் ஜான் வாரன் இதனைக் கண்கூடாகக் கண்டு பதிவு செய்தார். புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும், வாய்பாட்டை மனத்திலிருந்து சொல்லியும், அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஆட்டோ நியூகபவர் 1952இல் 'ஒசிரிஸ்' இதழில் 'தமிழ் வானியல்' என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரையின் வழியாக உலக ஆய்வாளர்கள் இதனை அறிந்தனர். 1962இல் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 'வாக்கிய கரணம்' நூலைப் பதிப்பித்தபோது மூலமும் கைக்கு வந்தது.

பெருமை பேசுவோர் இவ்விடத்தில் ஒரு செய்தியை எடுத்துக்கொள்வர். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ புதுச்சேரியில் தங்கியிருந்தபோது தமிழர் ஒருவரிடம் இம்முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கின் வழு 41 நொடிகள். ஐரோப்பாவின் தலைசிறந்த அட்டவணையாகிய டோபியாஸ் மேயரின் கணக்கில் வழு 68 நொடிகள். இச்செய்தி மெய்யானது. ஆனால், வாரன் பதிவு செய்த 1825 கிரகணத்தில் அதே முறையின் வழு தொடக்கத்துக்கு 4 நிமிடங்கள், நடுவுக்கு 23 நிமிடங்கள், முடிவுக்கு 52 நிமிடங்கள் என்பதும் மெய்யே. முதற்செய்தியை ஆயிரம் முறை பகிர்ந்தவர்கள் இரண்டாவதை ஒருமுறையும் பகிர்ந்ததில்லை. ஒற்றை அளவீட்டைக் கொண்டு துல்லியம் பேசுவது புள்ளியியலின் முதல் பாடத்தையே மறப்பதாகும். அன்றியும், 248, 3031 ஆகிய சுற்றுகள் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பைரஸ்களிலும் உள்ளன. அறிவு கடல் கடந்து வந்தும் சென்றும் இருக்கிறது. அதனால் நம் பங்கு குறைவதில்லை. ஆனால் 'நாம் மட்டுமே' என்னும் கூற்று நில்லாது.

இதுவரை கணிதமும் வரலாறும் மட்டுமே. வலையமைப்புப் பொறியியல் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு ஒரு நேர்காணலில் என்னிடமும் அவ்வாறே கேட்டார்கள். கேட்டபின் 'நீங்கள் எந்தத் துறையில் சேர விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்' என்று கோப்பை மூடிவிட்டார்கள். அன்று திணறினேன். இன்று எழுதுகிறேன்.

வலையமைப்புப் பொறியாளரின் அடிப்படைக் கேள்வி இது: ஒன்றோடொன்று எப்போதும் பேசிக்கொள்ள இயலாத பல கணினிகள், ஒரு நிகழ்வின் நேரத்தையும் வரிசையையும் பற்றி எவ்வாறு ஒத்த முடிவுக்கு வருவது? 1978இல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இக்கேள்வியைத்தான் எழுப்பியது. எல்லாக் கணினிகளும் ஒரே தொடக்க நிலையிலிருந்து ஒரே விதியை ஒரே வரிசையில் செயற்படுத்தினால், அவை ஒரே முடிவை அடையும் என்பது அதிலிருந்து வளர்ந்த கோட்பாடு.

இதே கேள்வியைக் காவிரிக் கரையின் ஓர் ஊருக்கும் பொருநைக் கரையின் ஓர் ஊருக்கும் இடையே வைத்துப் பாருங்கள். ஏகாதசி எந்நாள், விழா எந்நாள் என்பதில் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஊரும் தன் வானத்தைத் தானே நோக்கி முடிவு செய்யலாம், ஆனால் ஓரிடத்தில் மேகம், மற்றோரிடத்தில் கண்பார்வைக் குறை, முடிவுகள் சிதறும். மாற்று வழி, எல்லா ஊர்களிலும் ஒரே வாய்பாட்டை ஒரே கலி நாளிலிருந்து கணிப்பது. அப்போது எல்லாக் கணிப்பும் ஒன்றாகவே இருக்கும். வானத்திலிருந்து விலகினாலும் சேர்ந்தே விலகும். வாக்கியம் இந்த இரண்டாம் வழி. அது வானோடு ஒத்திருப்பதைவிட ஊர்கள் தமக்குள் ஒத்திருப்பதற்கு முதலிடம் தந்த அமைப்பு.

இதனை அறியாமை என்று சிரிப்பவர்கள் தங்கள் கைப்பேசியின் கடிகாரத்தைச் சற்று நோக்கட்டும். புவியின் சுழற்சி சீரானதன்று. ஆகவே 1972 முதல் 2016 இறுதி வரை உலக நேரத்தில் 27 முறை ஒரு நொடி சேர்க்கப்பட்டது. நம் கணினிகளின் 'அதிக மாதம்' எனலாம். 2012 ஜூன் 30 அன்று அவ்வாறு சேர்த்த ஒற்றை நொடியால் பல நாடுகளில் லினக்ஸ் வழங்கிகள் முடங்கின; பெரும் இணையதளங்கள் நின்றன. 2022 நவம்பரில் எடைகள், அளவைகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: 2035க்குள் கடிகாரத்துக்கும் புவிச் சுழற்சிக்கும் இடையே அனுமதிக்கப்படும் விலகலின் எல்லை உயர்த்தப்படும். அதாவது, வானத்தோடு நொடிக்கு நொடி ஒட்டியிருப்பதைவிடக் கணினிகள் தமக்குள் ஒத்திருப்பதே முதன்மை என்று உலகம் முடிவு செய்துவிட்டது. வாக்கியப் பஞ்சாங்கம் எடுத்த முடிவும் இதே தன்மையதுதான்.

'முன்னோர் இணையத்தைக் கண்டுபிடித்தனர்' என்று யாரும் இதனைப் பகிர வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் அதைச் செய்யவில்லை. ஒரே வகைச் சிக்கலுக்கு ஒரே வகைத் தீர்வு இருவேறு காலங்களில் தோன்றியது. இரண்டையும் ஒப்பிடும்போது ஒன்றின் வெளிச்சத்தில் மற்றொன்று தெளிவாகிறது என்பதே என் வாதம்.

இன்னோர் ஒப்புமை. தரவு அனுப்பும்போது பிழை நேர்ந்ததா என்று அறியக் கூடுதல் எண் ஒன்றைச் சேர்த்தனுப்புவது வலையமைப்பில் வழக்கம். வாக்கியங்களில் அத்தகைய காப்பு வாய்பாட்டின் அமைப்பிலேயே உள்ளது. சுற்று சேய்மைப் புள்ளியில் தொடங்கி ஏறத்தாழ அங்கேயே முடிவதால், ஒரு வாக்கியத்தையும் அதன் எதிரிணை வாக்கியத்தையும் (காட்டாக 10ஆவதையும் 238ஆவதையும்) கூட்டினால், முழுச் சுற்றுகளை நீக்கியபின், 248ஆவது வாக்கியத்தின் அளவு கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையாயின் இரண்டில் ஒன்று ஏட்டில் சிதைந்துள்ளது. 'கரணபத்ததி' என்னும் நூல் இதனை வாக்கிய சோதனம் என்றே குறிப்பிட்டு முறைப்படுத்துகிறது. அந்நூலை விளக்கத்துடன் பதிப்பித்த வெங்கடேசுவர பை, கே. ராமசுப்பிரமணியன், எம். எஸ். ஸ்ரீராம், எம். டி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரைக் கவனியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கோட்பாட்டு இயற்பியலும், குர்லாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யின் சமஸ்கிருதப் பிரிவும் கைகோத்ததால் விளைந்த பணி அது. துறைச் சுவர்களைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, எதிர்வாதத்துக்கு வருகிறேன். என் மதிப்புக்குரிய ஆசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: பல துறைகளைத் தொடுபவர் எதிலும் ஆழமில்லாதவராவார். இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. 'பல்துறை ஆய்வு' என்னும் பெயரில் நுனிப்புல் மேய்ந்த ஆய்வேடுகளை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆனால் அவ்வேடுகளின் குறை பல துறைகளைத் தொட்டது அன்று; ஒரு சிக்கலும் இல்லாமல் தொட்டது. எனவே ஓர் எளிய அளவுகோலை முன்வைக்கிறேன். மூன்று துறைகளில் ஒன்றை நீக்கினால் ஆய்வு தவறான முடிவுக்குச் செல்லுமா? செல்லும் என்றால் அத்துறை தேவை. இல்லையேல் அது அலங்காரம்.

வாக்கியச் சுவடியை இவ்வளவுகோலில் வைத்துப் பார்ப்போம். ஒரு வாக்கியத்துக்கு இரு பாடங்கள் இருக்கின்றன எனக் கொள்வோம். மொழியறிஞர் மட்டும் இருந்தால் பொருள் நயமுள்ள பாடத்தைத் தேர்வார், எண் பிழையாகலாம். கணிதர் மட்டும் இருந்தால் எண்ணுக்கேற்ப எழுத்தைத் திருத்துவார். கூட்டெழுத்தில் இறுதி மெய்க்கு மட்டுமே மதிப்பு என்பதை மறந்தால் திருத்தவே தேவையில்லாத இடத்தைத் திருத்திவிடுவார். ககர வரிசையின் நான்கு ஒலிகளுக்கும் தமிழில் ஒரே எழுத்துதான். ஆகவே இவ்வாக்கியங்கள் கிரந்தத்தில் எழுதப்பட்டன. கிரந்த எழுத்துகள் யூனிகோடில் இடம்பெற்றதே 2014இல்தான். எழுத்துக் குறியாக்கம் அறிந்தவர் இல்லையேல் மின்னாக்கத்தின்போது 'க' வரிசையின் வேறுபாடு அழிந்து, எண்களும் உடன் அழியும்.

வலையமைப்புப் பொறியாளரை நீக்கினால்? அப்போது பழைய முறை ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்னும் கேள்விக்கு 'மூடநம்பிக்கை' என்னும் ஒற்றைச் சொல்லே விடையாக எஞ்சும். ஆனால் பரவிக்கிடக்கும் படிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் புதுப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பொறியாளர் அறிவார். ஐபி முகவரிகளின் ஆறாம் பதிப்பு 1990களிலேயே வந்துவிட்டது. நான்காம் பதிப்பு இன்றும் அதனோடு சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் மூடநம்பிக்கை என்பதில்லை.

புதுப்பித்தலின் வரலாறு நம்மிடம் நீண்டது. கி.பி. 683இல் ஹரிதத்தர் பரகித முறையால் பழைய அளவைகளைத் திருத்தினார். 1431இல் பரமேசுவரர் 'திருக்கணித' நூலை இயற்றினார். அவர் 55 ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் நோக்கியவர் என்று நீலகண்டர் எழுதுகிறார். கணிப்பு காட்சியோடு ஒவ்வாதபோது கணிப்பைத் திருத்துவதே முறை என்று வாதிட்டவரும் அதே நீலகண்டர். தமிழகத்தில் வாக்கிய கரணத்துக்கு உரை எழுதிய சுந்தரராஜர் தம் ஐயங்களை நீலகண்டருக்கு அனுப்பி விடை பெற்றார். பின்னர், சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்து, 1867இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, திருக்கணிதப் பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் வெளியிட்டார்; 1874 டிசம்பர் 9 வெள்ளி இடைநகர்வைப் பற்றிப் பொதுமக்களுக்காகப் பல மொழிகளில் சிறு நூல் எழுதினார். மரபைக் காப்பதாகச் சொல்லித் திருத்தத்தை மறுப்பவர்கள், திருத்தமே இம்மரபின் உயிர்நாடி என்பதை மறந்துவிடுகின்றனர்.

இங்கேதான் என் வாதத்தின் மறுபக்கம். வாக்கியத்தை வெறும் அறியாமை என்பது தவறு என்றேன். அதனை வழுவற்றது என்பதும் அதே அளவு தவறு. நல்ல பொறியாளர் தம் கடிகாரம் விலகும் என்பதை ஒப்புக்கொள்வார். எவ்வளவு விலகும் என்று அறிவிப்பார். எப்போது திருத்தப்படும் என்று சொல்வார். வாக்கியத்தின் ஆண்டு அளவு 365.2587 நாட்கள். பருவ ஆண்டு 365.2422 நாட்கள். ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் சித்திரை முதல் நாள் பருவத்திலிருந்து விலகிக்கொண்டே வந்திருக்கிறது. சம பகலிரவு நாளாகிய மார்ச் 20ஐ ஒட்டியிருக்க வேண்டிய புத்தாண்டு ஏப்ரல் 14க்கு வந்தது இவ்வாறே. இவ்விலகலின் பெரும்பகுதி விண்மீன்களை அளவாகக் கொண்டதால் நேர்வது; அது திருக்கணிதத்துக்கும் பொது. மேகநாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் இதையெல்லாம் விரிவாக எழுதியது. அதன் பயனாக 1957 மார்ச் 22இல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழைத் தவிர அதனை எங்கே காண்கிறோம்? வானத்தோடு ஒத்தும் மக்களோடு ஒவ்வாத கடிகாரம் அது. ஒத்திசைவின் சமூகப் பக்கத்தை மறந்த சீர்திருத்தத்துக்கு அதுவே பாடம்.

மும்பைக்கு இது புதிய பாடமன்று. 1906இல் இந்தியச் சீர்நேரம் வந்தபின்னும் இந்நகரம் அதைவிட 39 நிமிடங்கள் பின்தங்கிய பம்பாய் நேரத்தைக் கைவிட மறுத்தது. மாநகராட்சியில் அது பல பத்தாண்டுகள் நீடித்தது. அதற்கும் முன்னர் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. 1925 பிப்ரவரி 3இல் இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு வந்தபோது, ஒரே நகரத்தில் இரு நேரங்கள் அருகருகே வாழ்ந்தன. இன்று குர்லா டெர்மினஸுக்குச் சூட்டப்பட்டுள்ள பெயருக்குரிய திலகரும் கணிதப் பட்டதாரி. 1893இல் வேத காலத்தை விண்மீன்களின் இடத்தைக் கொண்டு கணிக்க 'ஒராயன்' நூலை எழுதியவர். மராட்டியத்தில் அவர் பெயரால் ஒரு பஞ்சாங்கமும் வெளிவருகிறது. அவருடைய காலக்கணிப்பை ஏற்பவர் இன்று மிகக் குறைவு. ஆனால் கணிதப் பட்டதாரி ஒருவர் வானியல் வரலாறு எழுதலாமா என்று அன்று யாரும் துறை கேட்டுக் கோப்பை மூடவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு.

1. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிமுறைகள் வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும் இணை நெறியாளரை அமர்த்த இடமளிக்கின்றன. விதி இருக்கிறது, துறைத்தலைவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். 'எந்தத் துறை' என்னும் கேள்விக்கு 'இந்த இரண்டு துறைகள்' என்பதும் முறையான விடையாக ஏற்கப்பட வேண்டும்.

2. அச்சிட்ட பழைய பஞ்சாங்கங்களை நூலகங்கள் எடைக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு பஞ்சாங்கமும் ஆண்டு முழுவதற்குமான திதி, நட்சத்திர முடிவு நேரங்களைத் தாங்கிய தரவுத்தொகுப்பு. அவற்றை எண்களாகப் பதிந்து, வாக்கிய கரண விதிகளால் மீண்டும் கணித்து ஒப்பிட்டால், எங்கே அச்சுப்பிழை, எங்கே ஊர்த் திருத்தம், எந்த ஆண்டில் அளவை மாற்றப்பட்டது என்பன தெரியவரும். முதுகலை மாணவர்களுக்கு இதைவிட நல்ல செயல்திட்டம் இல்லை.

3. இத்தகைய ஆய்வேடுகளின் வாய்மொழித் தேர்வில் இரண்டையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும்: ஒரு சுவடிப் பக்கத்தைப் படித்துக் காட்டுவதும், ஒரு கணிப்பை எண்களில் மீளச் செய்து காட்டுவதும். நுனிப்புல் மேய்ச்சல் அங்கேயே நின்றுவிடும்.

4. பஞ்சாங்க வெளியீட்டாளர்கள் முதற்பக்கத்தில் எந்நூலின் அளவை, எந்த அயனாம்சம், இறுதியாகத் திருத்தப்பட்ட ஆண்டு எது என்பவற்றை அச்சிட வேண்டும். நம் கணினிகள் எந்த மூலத்திலிருந்து நேரம் பெறுகின்றன என்பதற்கு இன்று சட்டபூர்வமான நெறிமுறையே உள்ளது. 2022 ஏப்ரலில் வெளியான செர்ட்-இன் ஆணை நிறுவனங்களின் கணினிகளைத் தேசிய நேர வழங்கிகளோடு இணைக்கச் சொல்கிறது. ஒரு வழங்கிக்கு உள்ள பொறுப்பு ஒரு பஞ்சாங்கத்துக்கும் இருக்கலாகாதா?

பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். "ரெண்டும் நிஜந்தான் பெரியம்மா, ஆனா ரெண்டும் வேற வேற கடிகாரம். வானத்துல சனி எங்க இருக்குன்னு கேட்டா மார்ச் 29 சொல்றதுதான் கிட்டத்தட்ட சரி. திருநள்ளாத்துல திருவிழா எப்பன்னு கேட்டா கோயில் சொல்றதுதான் சரி" என்றேன். சற்று நேரம் அமைதி. பிறகு, "அப்ப ரெண்டு தடவையும் போயிட்டு வந்தா தப்பில்லையே?" என்றார். தப்பில்லை என்று சொல்லிப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தேன்.

அவருக்கு அவ்விடை போதுமானது. நமக்குப் போதாது. 41 நொடிக்கும் 52 நிமிடத்துக்கும் இடையே என்ன நிகழ்ந்தது, எந்த அளவை எப்போது பிறழ்ந்தது, எந்த ஊர் எப்போது திருத்திக்கொண்டது என்பதை எண்களோடு சொல்லும் ஆய்வேடுகள் தமிழில் வரவேண்டும். மேற்கூறிய இரண்டாம் கோரிக்கையைக் கையிலெடுக்க விரும்பும் மாணவர்கள் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பஞ்சாங்கம் ஒன்று இருந்தால், அதன் ஆண்டையும் வெளியீட்டாளர் பெயரையும் குறித்து வையுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.